கட்டிலுக்குக் கட்டில் தாவிய இரண்டு

"இந்த மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது மேடம்," என்றேன்.

மூஞ்சி என்று நான் சொன்னது மனுஷ மூஞ்சியை அல்ல. கொரியாவில், குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் வசந்தத் தோப்பு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் வாசலில், ஆளுயரத் திரையில் நின்றுகொண்டிருந்தாள் நர்ஸ் ஹாயான். கணினி வரைந்த பெண். வியர்க்காத நெற்றி, கசங்காத சீருடை, சிரித்தால் குழியும் கன்னம். எங்களைப் பார்த்ததும் குனிந்து வணங்கினாள்.

"வாங்க! இன்னைக்கு உங்க மனசு எப்படி இருக்கு?"

"கேவலமா இருக்கு," என்றேன்.

"ரொம்ப நல்லது!" என்று கன்னம் குழியச் சிரித்தாள்.

"திரையோட சண்டை போடாதடா. செருப்பை மாத்து," என்றார் நம்குங் மேடம்.

மேடத்துக்கு வயது அறுபத்து நான்கு. இருபத்தேழு வருஷம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் உட்கார்ந்து பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையைத் தனியாகச் செய்கிறார். நான் பங் தேசிக். கார் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, அவசியப்பட்டால் அடி வாங்குவது, இதெல்லாம் என் இலாகா. இல்லத்தின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். கிருமிநாசினி வாசனைக்கு அடியிலிருந்து பழைய மூத்திர நெடி எட்டிப் பார்த்தது. ஒன்றைக் கொண்டு இன்னொன்றை மூடப் பார்த்திருக்கிறார்கள், மூடவில்லை.

வராந்தாவில் எங்களுக்காகக் காத்திருந்தாள் தாக் சுரியோன். ஐம்பது வயதிருக்கும். நண்டைச் சோயாச் சாற்றில் ஊறப்போடும் ஆலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள் என்பது அவள் மேல் அடித்த சோயா வாடையிலேயே தெரிந்தது.

"மணி மூணு ஆயிடுச்சு மேடம். அஞ்சு மணிக்கு வண்டி வருது. அம்மாவைப் பூட்டுற வார்டுக்குக் கொண்டு போறாங்க. அங்க ரெண்டு கையையும் கட்டிலோட கட்டிடுவாங்களாம்."

"எதுக்கு?"

"நேத்து காலைல, பார்த்துக்கிற அக்காவைக் கடிச்சிட்டாங்க."

"கடிக்கிற ஆளா உங்கம்மா?" என்று நான் கேட்டேன்.

"எங்கம்மா எறும்பைக் கூட ஊதித்தான் தள்ளுவாங்க. தொடை எலும்புல புத்துநோய். எண்பத்திரெண்டு வயசு. போன வருஷம் லேசா வாதம் வந்ததுலேர்ந்து பேச்சும் ஒவ்வொரு வார்த்தையாத்தான் வரும். மேனேஜர்கிட்ட கெஞ்சினேன். 'வலி தாங்காம கடிச்சாங்கன்னா விட்டுடலாம். ஆனா வலி வெறும் ரெண்டு. காரணமே இல்லாம கடிச்சா அது மூளைக் கோளாறு'ங்கறார்."

"வலி ரெண்டுன்னு யார் சொன்னது?"

"ஹாயான்."

விஷயம் இவ்வளவுதான். ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் ஒரு சின்னத் திரை. தினமும் நாலு மணிக்கு அதில் ஹாயான் வந்து, பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலி எவ்வளவு என்று கேட்பாள். பதிலில் உள்ள எண்ணை மட்டும் பொறுக்கி எழுதிக்கொள்வாள். குரலைச் சேமித்து வைப்பதில்லை. ஒரு வாரம் மூன்றுக்கு மேல் ஏறவில்லையென்றால் வலிக்கு முதுகில் ஒட்டும் மருந்துப் பட்டையை எடுத்துவிடுவார்கள். சுரியோனின் அம்மா போங் இல்சூனுக்குப் பட்டையை எடுத்து இன்றோடு ஒன்பது நாள். வாரம் ஒரு தடவை வருகிற டாக்டர் எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், ஆளைப் பார்க்கவில்லை.

"ஆக, கடிச்சதுக்குக் காரணம் கண்டுபிடிக்கணும். ரெண்டு மணி நேரத்துல," என்றார் மேடம்.

"காரணத்தைக் கடிச்ச ஆள்கிட்டயே கேட்டுடலாமே?"

"கேட்போம். அதுக்கு முன்னாடி இதைப் பாரு."

வராந்தாச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வரைபடம் தொங்கியது. மேலே தடித்த எழுத்து: 'மெய்நிகர் செவிலி ஹாயானின் பயன். மூன்றாம் அறையில் ஒரே மாதத்தில் வலி எழுபது சதவீதம் குறைந்தது!' கீழே ஆறு கட்டில்களுக்கு ஆறு கோடுகள். ஆறும் ஏழுக்குப் பக்கத்தில் தொடங்கி, படாரென்று இரண்டுக்கு விழுந்து, அப்படியே தரையில் படுத்துக் கிடந்தன.

மேடம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "ஜன்னலோரக் கட்டில் ஏப்ரல் மூணாம் தேதி ரெண்டுக்கு விழுது. ஆறாம் தேதி அதுக்குப் பக்கத்துக் கட்டில். பத்தாம் தேதி மூணாவது, அது நம்ம போங் அம்மா. அப்புறம் பதினாலு, பதினேழு. கதவோரக் கட்டில் இருபத்தொண்ணு."

"வரிசைல நின்னு குணமாகியிருக்காங்க மேடம். நம்ம ஊர்க்காரங்களுக்குக் க்யூன்னா உயிர்."

"ஏழுலேர்ந்து நேரா ரெண்டு. நடுவுல ஆறு, அஞ்சு, நாலு எல்லாம் எங்கடா போச்சு?"

"லிஃப்ட்ல இறங்கியிருக்கும்."

மேடம் சிரிக்கவில்லை. "வலி குறையறது ஒரு கட்டில்லேர்ந்து பக்கத்துக் கட்டிலுக்குத் தொத்துமா தேசிக்?"

"தொத்தினா நல்லதுதானே?"

"நல்லது எதுவும் தொத்தி என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல. தொத்தறதெல்லாம் வேற ரகம். வா, உள்ள போவோம்."

மூன்றாம் அறையில் ஆறு கிழவிகள் படுத்திருந்தார்கள். ஆறு பேர் தலையிலும் கம்பளிக் குல்லா. ஆகாய நீலம். நெற்றியில் ஹாயானின் கன்னக்குழி முகம் தைத்திருந்தது. வெளியே வெயில் பளீரென்று அடிக்கிறது, செர்ரிப் பூவெல்லாம் கொட்டி முடிந்துவிட்டது. இங்கே குல்லா.

ரோஸ் நிற மேலங்கி போட்ட பராமரிப்புப் பெண் ஒருத்தி வாளியோடு நிமிர்ந்தாள். பெயர் சொக். வலது மணிக்கட்டில் கட்டு.

"நீங்கதான் கடிபட்ட அக்காவா?" என்றேன்.

"நான்தான். எனக்கு அந்தம்மா மேல ஒரு கோவமும் இல்ல தம்பி. குல்லா நழுவிடுச்சேன்னு திருப்பிப் படுக்க வச்சேன். வீல்னு கத்தி, கையைப் பிடிச்சுக் கடிச்சிட்டாங்க. புகார் எழுதினது மேனேஜர். கையெழுத்து மட்டும்தான் என்னுது."

"இந்த அறைக்கு நீங்க ஒருத்தர்தானா?"

"இந்த அறையும் எதிர் அறையும். பன்னெண்டு பேருக்கு நான் ஒருத்தி. முன்ன அஞ்சு பேர் இருந்தோம். இந்த மகராசி வந்ததும் நாலு பேரை அனுப்பிட்டாங்க." முகவாயால் திரையைக் காட்டினாள்.

"குல்லா எதுக்கு?" என்றார் மேடம்.

சொக் அக்கா வாளியைப் பார்த்தாள். "போட்டோ எடுக்கன்னு மேனேஜர் சொன்னார்."

பொய் சொல்லத் தெரியாதவள். மேடம் அப்போதைக்கு அவளை விட்டுவிட்டார். சுரியோன் தன் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். போங் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை எண்ணி எண்ணி விடுவதைப் போல விட்டுக்கொண்டிருந்தாள். இடது காலை அசைக்காமல் இருக்க அவள் உடம்பு முழுவதும் பாடுபடுவது எனக்கே தெரிந்தது. இதற்குத்தான் வலி இரண்டு என்று பெயராம்.

மணி நாலு அடித்தது. ஆறு திரைகளும் ஒரே நொடியில் வெளிச்சமாயின. ஆறு ஹாயான்கள், பன்னிரண்டு கன்னக்குழிகள்.

"அம்மா, வணக்கம்! இன்னைக்கு வலி எவ்வளவு இருக்கு?"

ஜன்னலோரக் கிழவி தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக் கத்தினாள். "ஈ! எத்தனை நாளாடி சொல்றேன்! ஈ!"

"இரண்டு! ரொம்ப நல்லது! இப்படியே தொடருங்க!"

உங்கள் ஊரில் ஈ என்றால் பறக்கும். எங்கள் ஊரில் அது எண். இரண்டு. அறை முழுவதும் ஈ, ஈ என்று குரல்கள் எழும்பின, திரை முழுவதும் நல்லது, நல்லது என்று சிரிப்பு எழும்பியது. கடைசியில் போங் அம்மா வாயைத் திறந்தாள். "ஈ... வலி... வலி..."

"இரண்டு! ரொம்ப நல்லது!"

"அடிப் பாவி, வலிங்கறாங்கடி!" என்று சுரியோன் திரையைப் பார்த்துக் கத்தினாள். ஹாயான் அவளையும் பாராட்டிவிட்டு அணைந்து போனாள். வலி என்பது எண் இல்லையே, அதனால் அவள் காதில் ஏறவில்லை. எனக்குத் திரையை உடைக்கலாம்போல் இருந்தது.

மேடம் ஜன்னலோரக் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு குசலம் விசாரித்தார். "எத்தனை பசங்கம்மா உங்களுக்கு?"

"தூல்."

"பேரப் பசங்க?"

"ஒவ்வொருத்தனுக்கும் தூல்."

மேடம் என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார். எங்களுக்கு எண்ணிக்கை இரண்டு வரிசை. தேதிக்கும் மார்க்குக்கும் ஒரு வரிசை, அதில் இரண்டு 'ஈ'. ஆளையும் முட்டையையும் எண்ண இன்னொரு வரிசை, அதில் இரண்டு 'தூல்'. வயசானவர்கள் வாயில் யோசிக்காமல் வருவது இரண்டாவது வரிசைதான்.

"ரெண்டுன்னா இவங்க வாயில தூல்னுதான் வருது," என்றார் மேடம். "அப்போ அவகிட்ட மட்டும் ஏன் 'ஈ'?"

எனக்குப் பொறி தட்டியது. சந்தோஷத்தில் துள்ளிவிட்டேன். "பல்! பல்லுக்கும் 'ஈ'ன்னுதானே பேரு! பல்வலி மேடம்! பல் வலிச்சிருக்கு, அதான் கடிச்சிருக்காங்க! கேஸ் முடிஞ்சுது, கிளம்பலாமா?"

போங் அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு நிதானமாக வாய்க்குள் விரலை விட்டு மேல்வரிசையைக் கழற்றினாள். அப்புறம் கீழ்வரிசையை. இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தாள்.

"பல் வலிக்கணும்னா முதல்ல பல் வேணும்டா," என்றார் மேடம்.

பல்செட்டை டம்ளரில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். "அப்போ வேற என்ன 'ஈ' இருக்கு மேடம்?"

"உனக்கு வயசு என்ன?"

"முப்பத்தி மூணு."

"உனக்குத் தெரிய நியாயமில்ல. இவளைச் செஞ்சு விட்டவனுக்கு உன்னைவிடக் கம்மி வயசு, அவனுக்கும் தெரியாது. எங்க ஸ்கூல்ல இதுக்காக எங்களை வரிசையா நிக்க வச்சு, சட்டைக்குள்ள வெள்ளைப் பவுடர் அடிப்பாங்க."

சொல்லிக்கொண்டே மேடம் ஜன்னலோரக் கிழவியின் குல்லாவை மெல்லக் கழற்றினார்.

சீ! இப்போது எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. வெள்ளை முடியின் அடியில் சாம்பல் நிறப் புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டல்ல. காதுக்குப் பின்னால் கொத்துக் கொத்தாய் ஈர். சொறிந்து சொறிந்து தோல் பிய்ந்து, சீழ் காய்ந்து, குல்லாவின் கம்பளி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றும்போது பிசுபிசுவென்று ஒரு சத்தம் கேட்டது.

"பேன்," என்றார் மேடம். "இதுக்கும் எங்க காலத்துல 'ஈ'ன்னுதான் பேரு."

என் கை தானாக என் தலைக்குப் போயிற்று. சுரியோன் தன் அம்மாவின் குல்லாவைப் பிடுங்கினாள். அங்கேயும் அதே கதை.

"சொக்," என்றார் மேடம், குரலை உயர்த்தாமல். "தலை வாரும்போது எங்கேர்ந்து ஆரம்பிப்பீங்க?"

"ஜன்னல்லேர்ந்து," என்றாள் அவள்.

"எத்தனை சீப்பு?"

"அறைக்கு ஒண்ணு. பன்னெண்டு பேரைக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைச்சு... ஒரு சீப்பைக் கழுவக் கூட நேரமில்ல மேடம். பேனைப் பார்த்த அன்னைக்கே மேனேஜர்கிட்ட ஓடினேன். மருந்து வாங்கிக் குடுங்கன்னேன். மறுநாள் குல்லா வந்துச்சு." வாளியைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

ஜன்னலோரக் கிழவி தலையைச் சொறிந்துகொண்டே சொன்னாள். "அவளைத் திட்டாதீங்க. வலி வலின்னு மூணு மாசம் சொன்னோம். ஒரு நாய் வரல. பேன்னு சொன்னாலாவது எவனாவது ஒரு சீப்போட வருவான்னு பார்த்தோம். அந்தப் பொண்ணு என்னடான்னா சிரிக்கிறா."

இப்போது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஆளைக் குறைத்தார்கள், பேன் வந்தது. பேன் என்று கிழவிகள் கத்தினார்கள், வலி இரண்டு என்று எழுதப்பட்டது. வலி குறைந்ததென்று மருந்தை எடுத்தார்கள், சுவரில் சட்டம் மாட்டினார்கள். குறைந்ததாக எழுதிய வலியெல்லாம் இந்த உடம்புகளுக்குள்ளேயே இருந்தது. திருப்பிப் படுக்க வைத்தபோது போங் அம்மா கடிக்காமல் வேறென்ன செய்வாள்? நானாக இருந்தால் கையையே விழுங்கியிருப்பேன்.

நாலரைக்கு மேனேஜர் குக் வந்தார். வழித்து வாரிய தலை, கையில் படிவம், மேல் பையில் ஹாயான் படம் போட்ட பேனா.

"மகளா? இங்க ஒரு கையெழுத்து. வண்டி கிளம்பிடுச்சு," என்றார்.

மேடம் அவரை உட்காரச் சொல்லி, வரைபடத்திலிருந்து சீப்பு வரைக்கும் நாலே வாக்கியத்தில் சொன்னார். நான் கைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்தேன். குக் வெளிறுவார், கெஞ்சுவார், குறைந்தபட்சம் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்படின்னா ஆறு பேர் தலையிலயும் பேன் இருக்குன்னு முதல்ல சொன்னது ஹாயான்தானே?"

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்தது. "என்னது?"

"பாருங்க சார், மூணாம் தேதியே பதிவாகியிருக்கு. கட்டில் வாரியா. நூத்துக்கு நூறு. தொற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறான்னு அறிக்கைல ஒரு பக்கம் சேர்க்கலாம். வலியை விட இது பெரிய விஷயம்!"

த்தூ. மனுஷனா இவன்? ஆறு தலை அழுகிக் கிடக்கிறது, இவன் அதில் இன்னொரு சட்டம் மாட்ட இடம் தேடுகிறான். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். மேடம் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"ரொம்ப நல்ல யோசனை சார்," என்றார் மேடம். "ஆனா இப்போதைக்கு இங்க கையெழுத்துக் கேக்கிற படிவத்துல 'வலி இரண்டு'ன்னு இருக்கே?"

"அது... ஆமா. பதிவுல இருக்கறது இரண்டு. அதை மாத்த எனக்கு அதிகாரமில்ல. இப்போதைக்கு இரண்டு இரண்டுதான்."

"சரி." மேடம் ஜன்னலோரக் கிழவியின் குல்லாவை இரண்டு விரலால் எடுத்தார். அதன் உட்புறம் கசகசவென்று அசைந்தது. குக்கின் வாரிய தலைக்கு நேராக நீட்டினார். "போட்டுக்கங்க."

குக் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "என்ன இது? எடுங்க அதை!"

"ஏன் பயப்படறீங்க? வெறும் ரெண்டுதானே? அழகாப் படம் தைச்சது, போட்டுக்கங்க."

"ஐயோ, கிட்ட கொண்டு வராதீங்க!" முதுகு சுவரில் இடித்தது. குல்லா அவர் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. "அது ரெண்டு இல்ல! பேன்! பேன்! போதுமா?"

"தேசிக், விழுந்துச்சா?"

"கும்முன்னு விழுந்திருக்கு மேடம்," என்று கைபேசியைக் காட்டினேன்.

ஆறு கட்டில்களிலிருந்தும் சிரிப்புக் கேட்டது. பல்லில்லாத சிரிப்பு, இருமலோடு கலந்த சிரிப்பு.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. டாக்டருக்குப் போன் போட்டுப் பதிவைக் கேட்க வைத்தோம். அவர் பட்டையை இப்போதே ஒட்டச் சொன்னார், ஊசியோடு தானே கிளம்பி வருவதாகவும் சொன்னார். அஞ்சு மணிக்கு வந்த வண்டியை நான் வாசலிலேயே நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஓட்டுநரிடம் விவரமாகச் சொன்னேன். அவர் கதவைக் கூடத் திறக்காமல் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் வந்து, முதல் தடவையாகக் காலைத் தொட்டுப் பார்த்து, ஊசி போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பட்டை வேலை செய்ய நாளைக் காலை ஆகுமாம், அதுவரை ஊசி தாங்குமாம். சொக் அக்கா மருந்துக் கடையிலிருந்து பேன் மருந்தும், ஆறு பேருக்கும் தனித்தனியாகப் பேன் சீப்பும் வாங்கி வந்தாள்.

சுரியோன் கையுறை கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, முடியை வகிர்ந்து, மெதுவாக வாரத் தொடங்கினாள். ஒவ்வொரு தடவையும் சீப்பைக் கிண்ணத் தண்ணீரில் உதறினாள். போங் அம்மாவின் நெற்றிச் சுருக்கம் ஊசிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டு வந்தது.

"அந்தப் பொம்மைகிட்ட சொன்ன, சரி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றாள் சுரியோன். "இவ்வளவு வலியை வச்சுக்கிட்டு ஏம்மா சொல்லாம இருந்த?"

"சொன்னேனே," என்றாள் போங் அம்மா.

"எப்போ?"

"போன்ல. மூணு தடவை." ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "நீதான்... ஹாயான் ரெண்டுன்னு சொல்றா... சும்மா நடிக்காதேன்னு... சொன்ன."

சுரியோனின் கை அப்படியே நின்றுவிட்டது. சீப்பிலிருந்து தண்ணீர் அவள் மடியில் சொட்டியது. நான் மேடத்தைப் பார்த்தேன், மேடம் ஜன்னலைப் பார்த்தார். அந்த அறையில் யாராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போங் அம்மா கண்ணைத் திறக்காமலே தலையை மகளின் கைப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள்.

"நிறுத்தாதே," என்றாள். "வாரு."